டென்வருக்குக் கிடைக்காத டிவி அல்புகர்க்கிக்குக் கிடைத்தது எப்படி?

1950-ல் ஒரு அமெரிக்கரால் வீட்டில் டிவி பார்க்க முடியுமா என்பதைக் கையிலிருந்த காசைவிட அவர் குடியிருந்த ஊர்தான் தீர்மானித்தது. நியூயார்க்கில் ஏழு நிலையங்கள் ஓடின, லாஸ் ஏஞ்சலஸிலும் ஏழு. நியூ மெக்சிகோ மாநிலத்தின் அல்புகர்க்கியில் அப்போது ஒரு லட்சம் பேர்கூட இல்லை, ஆனாலும் 1948 நவம்பரிலேயே அங்கே ஒரு நிலையம் வந்துவிட்டது. அயோவா மாநிலத்தின் ஏம்ஸ், சுமார் 23,000 பேர் வாழ்ந்த கல்லூரி ஊர், அதற்கும் 1950 பிப்ரவரியில் நிலையம் கிடைத்தது, நடத்தியது அந்த ஊர்க் கல்லூரியேதான். நான்கு லட்சத்துக்கும் மேல் மக்கள் வாழ்ந்த டென்வரில் மட்டும் ஒன்றுமில்லை. ஒரிகன் மாநிலத்தின் பெரிய நகரமான போர்ட்லாந்திலும் ஒன்றுமில்லை. 1952 கோடை வரை இந்த நிலைதான்.

டென்வர்க்காரர்களுக்கு ஆசை இல்லாமல் இல்லை, நிலையம் தொடங்கப் பணம் போடத் தயாரானவர்களும் இருந்தார்கள். அவர்களைத் தடுத்தது 1948 செப்டம்பர் 30 என்ற ஒரு தேதி. அன்று அமெரிக்க அரசின் ஒளிபரப்பு ஆணையம், எஃப்சிசி, இனிமேல் புதிதாக டிவி நிலையம் எதற்கும் அனுமதி கிடையாது என்று கதவைச் சாத்தியது. ஆறேழு மாதத்தில் திறந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், திறக்க மூன்றரை வருடம் ஆனது. அமெரிக்கத் தொலைக்காட்சி பிறகு எடுத்த வடிவத்தில் பெரும்பகுதியை, அதாவது பல ஊர் நிலையங்களுக்கும் நிகழ்ச்சி வழங்கும் நெட்வொர்க்குகளில் மூன்றின் ஆதிக்கம், கேபிள் டிவியின் பிறப்பு, கல்வித் தொலைக்காட்சி எல்லாவற்றையும், அந்தத் தேதியில் யார் கதவுக்கு உள்ளே இருந்தார்கள், யார் வெளியே நின்றார்கள் என்பதிலிருந்து விளக்கிவிடலாம்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். நாடு முழுக்க ஒரே அரசு நிறுவனம் ஒளிபரப்பும் முறை அமெரிக்காவில் இருக்கவில்லை. லைசன்ஸ் ஊருக்கு ஊர் தனித்தனி, இன்ன நகரம், இன்ன சேனல், இன்ன உரிமையாளர் என்றுதான் கொடுப்பார்கள். என்பிசி, சிபிஎஸ் போன்ற நெட்வொர்க்குகள் சொந்தமாக ஐந்து நிலையங்கள் வரைதான் வைத்துக்கொள்ளலாம். மற்ற ஊர்களில் உள்ளூர் நிலையத்தோடு ஒப்பந்தம் போட்டு அதன் வழியாகத்தான் தங்கள் நிகழ்ச்சிகளைக் காட்டியாக வேண்டும். ஆக, உள்ளூரில் நிலையம் இல்லையென்றால் நெட்வொர்க் எவ்வளவு பெரியதாக இருந்தும் அந்த ஊருக்குள் நுழைய முடியாது.

வணிக ஒளிபரப்பு சட்டப்படி தொடங்கியது 1941 ஜூலை 1, நியூயார்க்கில். என்பிசியின் நிலையத்தில் ஒரு பேஸ்பால் ஆட்டத்துக்கு முன்னால் புலோவா கடிகாரத்தின் விளம்பரம் போனது, அமெரிக்க வரைபடத்தின் மேல் ஒரு கடிகார முகம், அவ்வளவுதான் விளம்பரம். ஐந்தே மாதத்தில் அமெரிக்கா போருக்குள் இறங்கியது. 1942-ல் புது நிலையங்கள் கட்டுவதை நிறுத்திவிட்டார்கள், தொழிற்சாலைகள் டிவி பெட்டியை விட்டுவிட்டு ரேடார் செய்யப் போய்விட்டன. போர் முடிந்தபோது நாடு முழுக்க மிஞ்சியிருந்தவை ஒரு கை விரல்களைவிடச் சற்றே கூடுதலான நிலையங்கள்தான்.

போர் முடிந்ததும் டிவி ஒரே பாய்ச்சலில் பரவிவிட்டதாகப் பலரும் எழுதுகிறார்கள், அது சரியில்லை. 1946-ல் விண்ணப்பம் போட்டவர்களே பலர் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். காரணம் வண்ணப் படம். சிபிஎஸ் நிறுவனம் தன்னுடைய வண்ண முறையை ஏற்கும்படி அரசிடம் கேட்டுக்கொண்டிருந்தது. அதை ஏற்றுவிட்டால் இப்போது வாங்கும் கறுப்பு வெள்ளைக் கருவி எல்லாம் குப்பைக்குப் போகும், அப்படியிருக்க லட்சக்கணக்கில் டாலரைக் கொட்ட யாருக்கு மனசு வரும்? 1947 மார்ச்சில் எஃப்சிசி அந்தக் கோரிக்கையை நிராகரித்தது. அப்புறம்தான் விண்ணப்பங்கள் குவிந்தன.

குவித்தவர்கள் யார் என்று பார்த்தால் பாதிக் கதை புரிந்துவிடும். ஊர் ஊராக முதல் நிலையத்தை நிறுவியது பெரும்பாலும் அந்த ஊர்ச் செய்தித்தாள், அல்லது ஏற்கெனவே ரேடியோ நடத்திக்கொண்டிருந்தவர், பல இடங்களில் இரண்டும் ஒரே கை. செயின்ட் லூயிஸில் 1947 பிப்ரவரியில் தொடங்கியது புலிட்சர் குடும்பத்தின் போஸ்ட்-டிஸ்பாட்ச் பத்திரிகை. டெட்ராய்ட்டில் டெட்ராய்ட் நியூஸ், மில்வாக்கியில் மில்வாக்கி ஜர்னல், பால்டிமோரில் சன், அட்லாண்டாவில் அட்லாண்டா ஜர்னல். கிளீவ்லாந்து நிலையத்தின் பெயரே டபிள்யூஇடபிள்யூஎஸ், இதில் கடைசி மூன்று எழுத்துகள் பத்திரிகை முதலாளி எட்வர்ட் வில்லிஸ் ஸ்கிரிப்ஸின் முதலெழுத்துகள். சிகாகோ டிரிப்யூன் தன் நிலையத்துக்கு டபிள்யூஜிஎன் என்று வைத்தது, 'உலகின் மிகச்சிறந்த செய்தித்தாள்' என்று அந்தப் பத்திரிகை தன்னைத்தானே சொல்லிக்கொண்ட ஆங்கில வாசகத்தின் சுருக்கம் அது.

இதில் ஒரு நியாயமும் உண்டு. ஊரில் பெட்டியே சில ஆயிரம்தான் என்றிருக்கும்போது எந்த விளம்பரதாரர் காசு கொடுப்பார்? முதல் சில வருட நஷ்டத்தைத் தாங்க வேறொரு தொழிலின் லாபம் கையில் இருக்க வேண்டும், அது இருந்தது பத்திரிகைக்காரரிடமும் ரேடியோக்காரரிடமும்தான். ஆனால் இதன் விலையைப் பற்றிப் போதிய அளவு பேசப்படுவதில்லை என்பது என் கருத்து. காலையில் படிக்கும் பேப்பர், பகலில் கேட்கும் ரேடியோ, இரவில் பார்க்கும் டிவி மூன்றையும் ஒரே குடும்பம் கையில் வைத்திருக்கும் ஊர்கள் உருவாயின. அந்த முதல் சுற்றில் இடம் பிடிக்காதவர்களுக்கு அடுத்த சுற்று வெகு தாமதமாகவே வந்தது. அமெரிக்கப் பெருநிலப்பரப்பில் கறுப்பினத்தவருக்குச் சொந்தமான முதல் டிவி நிலையம் டெட்ராய்ட்டில் தொடங்கிய வருடம் 1975.

அந்த நாட்களில் திரையில் என்ன ஓடியது? பகல் முழுக்கப் பல ஊர்களில் வெறும் டெஸ்ட் பேட்டர்ன், பெட்டியின் படத்தைச் சரிசெய்ய உதவும் அந்த வட்டங்களும் கோடுகளும். மாலையில் மல்யுத்தம், குத்துச்சண்டை, பேஸ்பால், பொம்மலாட்டம், சமையல். மல்யுத்தத்துக்கு அவ்வளவு இடம் கிடைத்ததற்குக் காரணம் எளிது, சின்ன மேடை, நல்ல வெளிச்சம், ஒன்றிரண்டு கேமரா போதும். 1947-ல் பேஸ்பால் உலகத் தொடர் முதல்முறையாக டிவியில் வந்தபோது பார்த்தவர்களில் பெரும்பாலானோர் மதுக்கூடங்களில் நின்றுதான் பார்த்தார்கள். வீட்டுக்குப் பெட்டி வரும் முன்பே தெருமுனைக் கடைக்கு வந்துவிட்டது.

ஒரு உள்ளூர் நிலையத்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு லாஸ் ஏஞ்சலஸின் கேடிஎல்ஏ நல்ல உதாரணம். மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே முதல் வணிக நிலையம் அது, 1947 ஜனவரி 22-ல் தொடங்கியது, உரிமையாளர் பாரமவுண்ட் சினிமா நிறுவனம், நடத்தியவர் கிளவுஸ் லாண்ட்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியப் பொறியாளர். 1949 ஏப்ரலில் பக்கத்திலுள்ள சான் மரினோ ஊரில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி கைவிடப்பட்ட கிணற்றுக் குழாய்க்குள் விழுந்துவிட்டாள். கேடிஎல்ஏ கேமராவைக் கொண்டுபோய் வைத்து 27 மணி நேரத்துக்கும் மேல் மீட்புப் பணியை இடைவிடாமல் நேரடியாகக் காட்டியது. விளம்பரம் இல்லை, எழுதிவைத்த உரை இல்லை. பெட்டி இல்லாதவர்கள் கடைக் கண்ணாடிகளுக்கு முன்னால் கூட்டம் கூட்டமாக நின்றார்கள். குழந்தையை உயிரோடு மீட்க முடியவில்லை. அந்த ஒளிபரப்புக்குப் பிறகு லாஸ் ஏஞ்சலஸ் மக்கள் டிவியைப் பார்த்த விதமே மாறிப்போனது, செய்திக்காக மறுநாள் பேப்பருக்குக் காத்திருந்தவர்கள் அது நடக்கும்போதே உடனிருக்க முடியும் என்று கண்டுகொண்டார்கள். அப்போது மேற்குக் கரைக்கு நெட்வொர்க் இணைப்பே கிடையாது, இதெல்லாம் ஒரு ஊர் நிலையம் தன் சொந்தப் பொறுப்பில் செய்தது.

சரி, இப்படிச் சூடுபிடித்த நேரத்தில் எஃப்சிசி ஏன் கதவைச் சாத்தியது?

காரணம் இயற்பியல். டிவி படத்துக்கு மிக அகலமான அலைவரிசை தேவை. ஒரு டிவி சேனல் 6 மெகாஹெர்ட்ஸ் பிடிக்கும். அன்றைய ஏஎம் ரேடியோ நிலையங்கள் அத்தனையும் சேர்ந்து பயன்படுத்திய வரிசையே சுமார் 1 மெகாஹெர்ட்ஸ்தான். அதனால் டிவிக்கு என்று விஎச்எஃப் என்ற அலைவரிசைப் பகுதியில் ஒதுக்கியது 13 சேனல்கள் மட்டும், அதிலும் 1-ம் எண்ணை 1948-ல் பறித்து வேறு ரேடியோத் தொடர்புகளுக்குக் கொடுத்துவிட்டார்கள், மிஞ்சியது 12. இவ்வளவு பெரிய நாட்டுக்குப் பன்னிரண்டே எண்கள், எனவே ஒரே எண்ணைப் பல ஊர்களுக்குத் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டும். இரண்டு ஊருக்கும் இடையே எவ்வளவு தூரம் விட வேண்டும் என்பதுதான் பிரச்சினை. விஎச்எஃப் அலை நேர்கோட்டில் போகும், அடிவானத்தோடு நின்றுவிடும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். நடைமுறையில் காற்று மண்டலத்தின் அடுக்குகளில் வளைந்து, சில இரவுகளில் கணக்குக்கு அப்பால் வெகுதூரம் போனது. டெட்ராய்ட்டிலும் சேனல் 4, கிளீவ்லாந்திலும் சேனல் 4, இடையில் சுமார் 90 மைல், அதிலும் பெரும்பகுதி ஈரி ஏரியின் திறந்த நீர்ப்பரப்பு. ஒன்றின் படத்தின் மேல் மற்றதன் கோடுகள் ஓடின. பிற்பாடு கிளீவ்லாந்து நிலையத்தை 3-ம் எண்ணுக்கு மாற்றித்தான் தீர்வு கண்டார்கள்.

இந்தத் தூரக் கணக்கைத் திருத்தும் வரைதான் தடை என்றார்கள். அதற்குள் வண்ணச் சண்டை மறுபடி வெடித்து உச்ச நீதிமன்றம் வரை போனது. 1950-ல் கொரியப் போர் வந்தது. பன்னிரண்டு சேனல் போதாது, யுஎச்எஃப் என்ற மேல் அலைவரிசையையும் திறக்க வேண்டும் என்று ஆனது, அதை ஆராய நேரம் பிடித்தது. ஒவ்வொன்றும் சில மாதங்களைத் தின்றது.

தடை வரும்போதே அனுமதிச் சீட்டு கையில் வைத்திருந்தவர்கள் மட்டும் கட்டிக்கொள்ளலாம். அப்படிக் கட்டி முடித்தவர்களையும் சேர்த்து, 1952 வரை அமெரிக்காவின் மொத்த டிவி உலகம் 108 நிலையங்கள், 63 நகரங்கள். கதை இங்கேதான் சுவாரசியமாகிறது. இந்த 63 நகரங்களிலும் பெரும்பாலானவற்றில் ஒரே ஒரு நிலையம், சிலவற்றில் இரண்டு. ஆனால் நெட்வொர்க்குகள் நான்கு: என்பிசி, சிபிஎஸ், ஏபிசி, டுமாண்ட். ஒரே நிலையம் இருக்கும் ஊரில் நான்கு பேரும் ஒரே வாசலில் நிற்க வேண்டும். நிலைய முதலாளி இஷ்டப்பட்டதை எடுத்துக்கொள்வார், இயல்பாகவே பெரிய நட்சத்திரங்களை வைத்திருந்த என்பிசியும் சிபிஎஸ்ஸும் நல்ல நேரங்களைப் பிடித்தன, மற்ற இருவருக்கும் மிச்சம்மீதி.

சியாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். 1948 நவம்பரில், நன்றி நவிலல் நாளன்று, ஒரு பள்ளிக்கூடக் கால்பந்து ஆட்டத்தோடு அந்த ஊரின் முதல் நிலையம் தொடங்கியது. அடுத்த வருடமே டோரத்தி புல்லிட் என்ற உள்ளூர்ப் பெண்மணி அதை 3,75,000 டாலருக்கு வாங்கினார். ஊருக்குள் அதிகம் பெட்டி இல்லாத நேரத்தில் இது பெரிய துணிச்சல். தடை நீடிக்க நீடிக்க, 1953 வரை அந்தப் பகுதி முழுவதற்கும் ஒரே நிலையம் அவருடையதாகவே இருந்தது. கிங்-டிவி என்று அவர் பெயர் மாற்றிய அந்த நிலையம் நாட்டின் மதிப்புமிக்க உள்ளூர் நிலையங்களில் ஒன்றாக வளர்ந்தது.

அதே சியாட்டில் நிலையம் சுமார் 125 மைல் தள்ளி இன்னொன்றுக்கும் வித்திட்டது. ஒரிகன் கடற்கரையில் அஸ்டோரியா என்ற சிற்றூர், அங்கே எட் பார்சன்ஸ் என்பவர் உள்ளூர் ரேடியோ நிலையம் நடத்திவந்தார். சிகாகோவில் டிவியைப் பார்த்துவிட்டு வந்த அவருடைய மனைவி நம் வீட்டிலும் வேண்டும் என்று கேட்டிருந்தார். சியாட்டில் நிலையம் வருகிறது என்று தெரிந்ததும் பார்சன்ஸ் ஒரு கருவியைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றி சிக்னல் எங்கே கிடைக்கிறது என்று தேடினார். கடைசியில் அவர் வீட்டுக்கு எதிரே இருந்த ஜான் ஜேக்கப் ஆஸ்டர் ஹோட்டலின் மொட்டை மாடியில் கிடைத்தது. அங்கே ஆன்டெனாவை நட்டு, தெருவின் குறுக்கே கம்பியை இழுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். படம் வந்தது, கூடவே ஊரும் வந்தது. வீட்டில் உட்கார இடமில்லாத அளவுக்குக் கூட்டம். தொல்லை தாங்காமல் ஹோட்டல் வரவேற்பறைக்கு ஒரு இணைப்பு, பக்கத்து இசைக் கடைக்கு ஒன்று, அப்புறம் கேட்டவர் வீடுகளுக்கெல்லாம் என்று கம்பி நீண்டது. ஏறக்குறைய அதே காலத்தில் பென்சில்வேனியாவின் சுரங்க மலைகளிலும் இதே வேலை நடந்தது. மலை மறைப்பதால் பிலடெல்பியா படம் வராமல், டிவி பெட்டி விற்க முடியாமல் தவித்த கடைக்காரர்கள் மலையுச்சியில் ஆன்டெனா நட்டுக் கீழே கம்பி இழுத்தார்கள். அமெரிக்கக் கேபிள் டிவியின் தொடக்கம் இதுதான். எஃப்சிசி புது நிலையங்களை அனுமதித்திருந்தால் இந்த ஊர்களில் பலவற்றுக்கு இவ்வளவு தூரம் கம்பி இழுக்கும் தேவையே வந்திருக்காது.

பிட்ஸ்பர்க் இன்னொரு வகை. நாட்டின் பெரிய தொழில் நகரங்களில் ஒன்று, ஆனால் 1949 ஜனவரியில் வந்த டுமாண்டின் டபிள்யூடிடிவி ஒன்றுதான் அங்கே. டுமாண்ட் அடிப்படையில் டிவி பெட்டி தயாரிக்கும் நிறுவனம், ரேடியோ நெட்வொர்க் பின்புலம் கிடையாது, நான்கில் மிக நலிந்தது. ஆனால் பிட்ஸ்பர்க்குக்குள் நுழைய மற்றவர்கள் எல்லோரும் அதன் தயவை நாட வேண்டும், பதிலுக்கு வேறு ஊர்களில் தன் நிகழ்ச்சிகளுக்கு இடம் கேட்டு வாங்கியது. ஒரே ஒரு லைசன்ஸ்தான் அந்த நெட்வொர்க்கின் உயிரைப் பிடித்து வைத்திருந்தது. கூடுதல் நிலையம் வாங்கவும் அதற்கு வழியில்லை. டுமாண்டில் பாரமவுண்டுக்குப் பங்கு இருந்ததால் பாரமவுண்டின் நிலையங்களையும் சேர்த்து எண்ணி, ஐந்து என்ற வரம்பு முடிந்தது என்று எஃப்சிசி சொல்லிவிட்டது.

1952 ஏப்ரலில் கதவு திறந்தது. புதுத் திட்டத்தில் 82 சேனல்கள்: பழைய விஎச்எஃப் 12, புதிய யுஎச்எஃப் 70. மொத்தம் 1,291 ஊர்களுக்கு 2,053 இடங்கள், எந்த ஊருக்கு எந்த எண் என்று முன்கூட்டியே எழுதப்பட்ட ஒரு பெரிய பட்டியல். அதில் 242 இடங்கள் வணிக நோக்கமற்ற கல்வி நிலையங்களுக்கு என்று தனியாக வைக்கப்பட்டன. இது தானாக நடக்கவில்லை, ஆணையத்தின் முதல் பெண் உறுப்பினர் ஃபிரீடா ஹெனாக் விடாப்பிடியாகப் போராடி வாங்கியது. அவர் இல்லாவிட்டால் அந்த எண்கள் எல்லாம் வணிகர்களுக்குப் போயிருக்கும், 1953-ல் ஹூஸ்டனிலும் 1954-ல் பிட்ஸ்பர்க்கிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் தொடங்கிய கல்வி நிலையங்களுக்கு இடமே மிஞ்சியிருக்காது. இந்த வரலாற்றில் மிக அதிக நன்றிக்குரியவர் அவர்தான் என்று நினைக்கிறேன்.

ஜூலை 11-ல் முதல் அனுமதிகள் வெளியாயின, ஒரே வாரத்தில் டென்வரில் படம் ஓடியது. அவ்வளவு தயாராகக் காத்திருந்தார்கள். போர்ட்லாந்துக்குக் கிடைத்தது யுஎச்எஃப், சேனல் 27. கிழக்குக் கோடியில் கனெக்டிகட்டின் பிரிட்ஜ்போர்ட்டில் ஆர்சிஏ நிறுவனம் சோதனைக்காக வைத்திருந்த டிரான்ஸ்மிட்டரைக் கழற்றி, நாட்டின் மறுகோடிக்குக் கொண்டுவந்து பொருத்தி, செப்டம்பரில் நாட்டின் முதல் வணிக யுஎச்எஃப் நிலையத்தைத் தொடங்கிவிட்டார்கள்.

ஆனால் எஃப்சிசி இங்கேதான் பெரிய தவறு செய்தது. ஒரே ஊரில் விஎச்எஃப், யுஎச்எஃப் இரண்டையும் கலந்து கொடுத்தது. அதுவரை விற்றிருந்த டிவி பெட்டிகளில் யுஎச்எஃப் வராது. தனியாக ஒரு கன்வெர்ட்டர் வாங்கிப் பொருத்தி, கூரையில் வேறு ஆன்டெனா வைக்க வேண்டும். அப்படி வைத்தாலும் மரமும் மேடும் அந்த அலையைச் சட்டென மறைத்துவிடும், படம் மங்கல். பக்கத்துச் சேனலில் பிரபல நிகழ்ச்சி பளிச்சென்று வரும்போது யார் கன்வெர்ட்டருக்குக் காசு செலவழிப்பார்? பார்ப்பவர் இல்லாததால் விளம்பரம் இல்லை, விளம்பரம் இல்லாததால் நெட்வொர்க்கும் எட்டிப் பார்க்கவில்லை. சில வருடங்களில் யுஎச்எஃப் நிலையங்கள் வரிசையாக மூடின. போர்ட்லாந்தின் அந்த முன்னோடி நிலையமே 1957-ல் 27-ஐ விட்டுவிட்டு 12-க்கு மாறிக்கொண்டது. யுஎச்எஃப் பிழைத்தது எங்கே என்றால், விஎச்எஃப் போட்டியே இல்லாத சவுத் பெண்ட், யங்ஸ்டவுன் போன்ற ஊர்களில். எல்லோரும் யுஎச்எஃப் என்றால் எல்லோரும் அதற்கேற்ற பெட்டியை வாங்கினார்கள், அவ்வளவுதான். ஊர் ஊராகப் பிரித்துக் கொடுத்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும் என்பதற்கு இந்த ஊர்களே சாட்சி.

டெக்சாஸ் தலைநகரான ஆஸ்டினுக்கு அந்தப் பட்டியலில் கிடைத்தது ஒரே ஒரு விஎச்எஃப் எண், 7. அதைப் பெற்றது லேடி பேர்ட் ஜான்சனின் நிறுவனம், அவருடைய கணவர் லிண்டன் ஜான்சன் அப்போது செனட்டர். 1952 நவம்பரில் தொடங்கிய அந்த நிலையத்துக்கு ஊருக்குள் 1965 வரை போட்டியே வரவில்லை, அதற்குள் கணவர் நாட்டின் ஜனாதிபதியாகவே ஆகிவிட்டார். அந்தக் குடும்பத்தின் செல்வத்துக்கு அடித்தளம் இந்த ஒளிபரப்புத் தொழில்தான்.

நான்கு நெட்வொர்க்குக்கும் ஊருக்கு ஊர் நல்ல சேனல் கிடைத்திருந்தால் டுமாண்ட் தாக்குப்பிடித்திருக்கலாம். நல்ல எண் பெரும்பாலான ஊர்களில் இரண்டோ மூன்றோதான். 1954 கடைசியில் டுமாண்ட் தன் பிட்ஸ்பர்க் நிலையத்தை வெஸ்டிங்ஹவுஸிடம் 97.5 லட்சம் டாலருக்கு விற்றது, கையிலிருந்த ஒரே பிடியும் போனது. 1956-ல் நெட்வொர்க்கே முடிந்தது. ஏபிசி மூன்றாவதாகத் தட்டுத்தடுமாறி நின்றது. அடுத்த முப்பது வருடம் அமெரிக்கர்களுக்கு டிவி என்றால் இந்த மூன்று பெயர்கள்தான்.

1950-ல் அமெரிக்க வீடுகளில் சுமார் 9 சதவீதத்தில் இருந்த டிவி 1960-ல் 87 சதவீதத்துக்கு வந்துவிட்டது. விற்கும் ஒவ்வொரு பெட்டியிலும் யுஎச்எஃப் வாங்கும் வசதி இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டது 1962-ல், நடைமுறைக்கு வந்தது 1964-ல். பத்து வருடத்துக்கு முன்பு கதவைத் திறந்த அன்றே செய்திருக்க வேண்டிய வேலை. 2009-ல் எல்லாம் டிஜிட்டல் ஆனபோது நிலைமை தலைகீழானது, விஎச்எஃப்பின் கீழ் எண்களில் இரைச்சல் தொல்லை அதிகம் என்பதால் பழைய நிலையங்கள் பலவும் யுஎச்எஃப்புக்குக் குடிபெயர்ந்தன. டெட்ராய்ட் நியூஸ் தொடங்கிய நிலையம் இன்றும் திரையில் 4 என்றும், புல்லிட் அம்மையார் வாங்கிய சியாட்டில் நிலையம் 5 என்றும்தான் தெரிகின்றன, இரண்டின் அலையும் வந்துசேர்வது யுஎச்எஃப்பில்.